தானே இறங்கும் கல்லுக்கு யார் பேர் வாங்குவது?

சிறுநீரகக் கல் ஒன்று வெளியே வந்துவிட்டால் அதற்கு வீட்டில் மூன்று பேர் உரிமை கொண்டாடுவார்கள். வாழைத்தண்டுச் சாறு பிழிந்து கொடுத்த அம்மா. சிறுபீளைக் கஷாயம் சொன்ன பக்கத்து வீட்டுப் பெரியவர். ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர். யாரும் பொய் சொல்லவில்லை. கொடுத்தார்கள், கல் வந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கத்திரி வெயிலில் எனக்கு 4 மில்லிமீட்டர் கல் அடைத்துக்கொண்டபோது மூன்றையும் விடாமல் குடித்தேன், விழுங்கினேன். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் கல் விழுந்தது. யாரால் விழுந்தது என்ற பஞ்சாயத்து எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை.

அந்தப் பஞ்சாயத்தில் யாரும் கூப்பிடாத நாலாவது சாட்சி ஒன்று இருக்கிறது: கல்லே. வலிக்கு மருந்து கொடுத்து, வேறொன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களை சி.டி. ஸ்கேன் வைத்துக் கவனித்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையிலான கற்களில் 76 சதவீதம் தானாகவே இறங்கிவிட்டன. 5 முதல் 7 மில்லிமீட்டர் என்றால் 60 சதவீதம். 9-ஐத் தாண்டினால்தான் நாலில் ஒன்றாகக் குறைகிறது. ஆக, என்னுடைய கல்லுக்கு நான் சுண்டல் சாப்பிட்டிருந்தாலும் நாலில் மூன்று பங்கு வாய்ப்பு இருந்தது. சுண்டலுக்கும் ஒரு பேர் கிடைத்திருக்கும்.

சிறுநீரகவியலில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும் என்று நினைக்கிறேன். தானாகச் சரியாகக்கூடிய நோய்க்குக் கொடுக்கப்படும் எந்த மருந்தும் ஜெயிக்கும். "என் கைராசியில் பத்துக்கு எட்டு பேருக்குக் கல் விழுந்திருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி: கொடுக்காமல் விட்டிருந்தால் பத்துக்கு எத்தனை பேருக்கு விழுந்திருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்கப் பயப்படாதவர்களால் ஒரு மாத்திரையின் கதையே மாறியது. டாம்சுலோசின் என்பது ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்காக வந்த மருந்து. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயின் அடிப்பகுதித் தசையையும் அது தளர்த்தும் என்பதால், கல் சுலபமாக வழுக்கி இறங்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2000-க்குப் பிறகு ஐம்பது பேர், நூறு பேர் என்று சிறுசிறு ஆய்வுகள் வரிசையாக வந்தன. பெரும்பாலானவை நல்ல சேதி சொன்னன. அவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த தொகுப்பாய்வுகளும் அதையே சொன்னன. உலகம் முழுக்க சீட்டில் அந்த மாத்திரை ஏறியது. சென்னையிலும்தான்.

பிறகு 2015-ல் பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 1,167 பேரை வைத்து நடந்த 'சஸ்பெண்ட்' ஆய்வு வெளியானது. ஒரு பிரிவுக்கு டாம்சுலோசின், இன்னொன்றுக்கு இதே வேலைக்குச் சோதிக்கப்பட்ட வேறொரு மருந்தான நிஃபெடிபின், மூன்றாவதற்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நாலு வாரத்துக்குள் வேறு சிகிச்சை தேவைப்படாதவர்கள் டாம்சுலோசின் பிரிவில் 81 சதவீதம், நிஃபெடிபினில் 80, வெறும் மாத்திரையில் 80. பத்து வருஷ நம்பிக்கைக்கு ஒரே ஒரு சதவீத வித்தியாசம்!

கதை அதோடு முடியவில்லை. அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கல் சின்னது. எப்படியும் இறங்கியிருக்கக் கூடியது. தானே திறக்கும் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத் தள்ளுவதால் பயனில்லை என்று சொல்லலாமா? சீனாவில் 3,296 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், குழாயின் அடிப்பகுதியில் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்த கற்களுக்கு மருந்து உதவியது தெரியவந்தது. ஆகவே மாத்திரை போலியும் இல்லை, சஞ்சீவியும் இல்லை. கல் எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் என்பதைப் பொறுத்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டும்போது உங்கள் டாக்டர் முதலில் அந்த இரண்டையும் தேடினால் அவர் இந்தச் சண்டையைப் படித்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மாதிரி ஆய்வுகளில் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது ஈவிரக்கமில்லாத காரியமாகச் சிலருக்குப் படும். நமக்கு இது புதிதல்ல. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கியபின், அதை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவனாக இருக்க வேண்டும் என்று விதி. ஏன் சிறுவன்? பெரியவர் எடுத்தால் அவர் கை தனக்கு வேண்டிய ஓலையைத் தேடும். டாக்டரின் கையும் அப்படித்தான். புது மருந்தைத் தேறிவிடுவார் என்று தோன்றும் நோயாளிக்குக் கொடுக்கவே மனம் போகும், தெரியாமலேயே. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஊர்ச்சபைக்குத் தெரிந்த இந்த உண்மையை மருத்துவ உலகம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் முறையாக ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்ட வேகத்தில் உலகத்துக்கே முன்னால் நின்ற ஊர்களில் ஒன்று சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது; இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோயாளியை சானடோரியத்தில் படுக்க வைத்து, முட்டையும் பாலும் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று எல்லோரும் நம்பிய காலம். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும், அதாவது மெட்ராஸின் நெரிசலான ஏழை வீடுகளில், அதே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, ஓய்வெடுத்ததும் குறைவு. குணமானது ஏறக்குறைய அதே அளவு. 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியங்களின் காலம் உலகெங்கும் முடிவுக்கு வர அது ஒரு பெரிய காரணம்.

காசநோய்க்கும் சிறுநீரகவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சிறுநீரகத்திலும் காசநோய் வரும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொல்ல வருவது அந்த ஆய்வு நடந்த விதம். வீட்டுக்குப் போனவர்கள் மருந்தைச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். ஒரு வருஷ சிகிச்சை முடிந்த பிறகும் பல வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார்கள்.

இன்றைய சென்னையின் சிறுநீரகவியல் ஆராய்ச்சியில் இல்லாதது அதுதான் என்பது என் அபிப்பிராயம். நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. சென்ட்ரல் எதிரில் இருக்கும் ஜி.எச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று அரசு மருத்துவமனைகளின் ஓ.பி. வரிசையில் ஒரு மாதம் வருபவர்களை வைத்து மேல்நாட்டில் ஒருவர் வருஷக்கணக்கில் ஆய்வு செய்வார். புத்திக்கும் பஞ்சமில்லை. கால அவகாசத்துக்குத்தான் பஞ்சம். எம்.எஸ். முடித்து எம்.சிஎச். யூராலஜியில் சேருபவருக்கு மொத்தம் மூன்று வருஷம். அதற்குள் தலைப்பு பிடித்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, நோயாளிகளைச் சேர்த்து, எழுதி, பைண்டிங் செய்து கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். இடையில் ராத்திரி டூட்டி, எமர்ஜென்சி, பரீட்சை. இதில் கல் எடுத்தபின் ஐந்து வருஷத்தில் மறுபடி வந்ததா என்று எப்படிப் பார்ப்பது? ஆகவே ஆறு வாரத்தில் பதில் கிடைக்கும் கேள்விகளையே கேட்கிறார்கள். எத்தனை நாளில் வீட்டுக்குப் போனார், எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றினார்கள், காய்ச்சல் வந்ததா. எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் நோயாளி கேட்பது "மறுபடி வருமா டாக்டர்?"

அந்தக் கேள்விக்கு ஒழுங்காக வந்த பதில்களைப் பார்த்தால் பொறுமையின் விலை தெரியும். 1996-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக இத்தாலியில் முதல்முறை கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பிரிவிடம் தினம் 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும் அளவு தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள்; மறு பிரிவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து வருஷம் காத்திருந்தார்கள். தண்ணீர்ப் பிரிவில் 12 சதவீதம் பேருக்கும் மற்றதில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்பியது. கவனியுங்கள், அளவுகோல் குடிக்கும் தண்ணீர் அல்ல, போகும் சிறுநீர். வேளச்சேரி சிக்னலில் மே மாத மத்தியானம் நிற்கும் போக்குவரத்துக் காவலர் 3 லிட்டர் குடித்தாலும் பாதி வியர்வையாகப் போய்விடும். ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லும் கணக்கை அவருக்குச் சொன்னால் தப்பு. கழிப்பறை வசதி இல்லாததால் வேலைக்குப் போகும் நாளெல்லாம் தொண்டையை நனைக்காமல் இருக்கும் பெண்களுக்கு எந்தக் கணக்கு? அதற்கு மாத்திரை இல்லை; மாநகராட்சிதான் வைத்தியம்.

அதே குழு 2002-ல் இன்னொன்றையும் காட்டியது. சிறுநீரில் கால்சியம் அதிகம் போய், கல் திரும்பத் திரும்ப வந்த 120 ஆண்களில் பாதிப் பேருக்குப் பால் தயிரைக் குறைக்கும் பத்தியம்; மறுபாதிக்குக் கால்சியம் வழக்கம்போல, உப்பும் இறைச்சியும் மட்டும் குறைவு. ஐந்து வருஷத்தில் முதல் பிரிவில் 23 பேருக்குக் கல் வந்தது, இரண்டாவதில் 12 பேருக்கு. பாலை நிறுத்தினால் கல் நிற்கும் என்ற நம்பிக்கை தலைகீழானது. காரணம் குடலில் நடக்கிறது: சாப்பாட்டில் உள்ள கால்சியம், தன்னோடு சேர்ந்தால் கல்லாகும் ஆக்சலேட் என்ற பொருளைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும், கால்சியம் இல்லாவிட்டால் ஆக்சலேட் ரத்தத்தில் ஏறிச் சிறுநீருக்கு வரும். உப்போ, சிறுநீரில் கால்சியத்தைக் கூட்டும். நம் வீட்டில் தக்காளியையும் தயிரையும் தள்ளி வைத்துவிட்டு, ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் தட்டில் வைத்துப் பத்தியம் இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

வாழைத்தண்டும் சிறுபீளையும்? பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அந்த வெள்ளைப் பூச்செடியைச் சித்த மருத்துவம் நெடுங்காலமாகக் கல்லடைப்புக்குச் சொல்லி வருகிறது. கேலி செய்ய எனக்கு மனமில்லை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது; வாழைத்தண்டு விற்கும் சந்தையும் இருக்கிறது. டாம்சுலோசினை நிற்க வைத்த அதே கூண்டில் இவற்றையும் நிற்க வைப்பதுதான் மரியாதை: குலுக்கல், ஒப்பீட்டுப் பிரிவு, கல்லின் அளவு, ஸ்கேன். மாத்திரைக்கு ஒரு நியாயம், கஷாயத்துக்கு ஒரு நியாயம் கூடாது.

இந்த ஊர் அந்த ஒழுங்கைக் கற்றுக்கொடுக்கவும் செய்கிறது. அயப்பாக்கத்தில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம்தான், நாடு முழுக்க மருத்துவ முதுநிலை மாணவர்களும் ஆசிரியர்களும் கட்டாயம் படிக்க வேண்டிய அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பை இணையவழி நடத்துகிறது. கேள்வியை எப்படி அமைப்பது, எத்தனை பேர் வேண்டும், எப்படிக் கணக்கிடுவது என்று அடிப்படையிலிருந்து. 2007 முதல் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடும் இருக்கிறது. 2018 ஏப்ரலிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிவு செய்தாக வேண்டும். எதைத் தேடப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், கிடைத்ததையே தேடியதாகப் பிறகு சொல்ல முடியாது. அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் போடும் பழக்கத்துக்கு இது ஒரு பூட்டு.

மருந்தைப் பற்றிய கேள்வி இது என்றால், மருத்துவரைப் பற்றிய கேள்வி இன்னும் சங்கடமானது. மருத்துவக் கல்வி பற்றிய ஆராய்ச்சி என்றதும் பாடத்திட்டம், பவர்பாயிண்ட் என்று தோன்றும். அறுவைத் துறையில் அதன் உண்மையான பொருள்: கற்றுக்குட்டியின் கை பழகும் வரை அதற்கான விலையை யார் கொடுப்பது?

முதுகில் சிறு துளையிட்டு, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே சிறுநீரகத்துக்குள் ஊசி செலுத்தி, கல்லை உடைத்து எடுக்கும் பி.சி.என்.எல். முறை 1976-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தது. இதில் கை தேற எத்தனை அறுவை தேவை என்று துருக்கியிலும் லண்டனிலும் தனித்தனியாக அளந்தார்கள். இரண்டிலும் ஏறத்தாழ 60 என்று வந்தது. எக்ஸ்ரே வெளிச்சத்தைப் பயன்படுத்தும் நேரத்தில் மூத்த நிபுணருக்கு இணையாக வர 115 அறுவைகள் ஆயின என்றது லண்டன் ஆய்வு. அப்படியானால் ஒன்று முதல் அறுபது வரையிலான முதுகுகள் யாருடையவை? பல ஊர்களில் பயிற்சி மருத்துவமனைக்கு வருபவர் காசு கொடுத்து மருத்துவரைத் தேர்ந்தெடுக்க முடியாதவர். நம் ஊரில் அவர் திருவள்ளூரிலிருந்தோ செய்யூரிலிருந்தோ முதல் பஸ் பிடித்து வந்தவர்.

"ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு" என்ற பழைய வழக்கத்துக்கு மாற்று உண்டா என்பதையும் குலுக்கிப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான 'சிமுலேட்' ஆய்வில் பல நாடுகளின் பயிற்சி மருத்துவர்களில் ஒரு பிரிவினர் சிறுநீர்க் குழாய்க்குள் கருவி செலுத்தும் யூரிட்டிரோஸ்கோபியைப் பொம்மை உடல்களிலும் கணினி மாதிரிகளிலும் பழகியபின் நோயாளியிடம் வந்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல நேரடியாக. பழகி வந்தவர்களின் நோயாளிகளுக்கு ஏற்பட்ட சிக்கல்கள் 15. மற்ற பிரிவில் 37. விலை உயர்ந்த இயந்திரம் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. கசாப்புக் கடை ஆட்டுச் சிறுநீரகத்தைக் கோழித்தோலில் பொதிந்து ஊசி குத்திப் பழகலாம். பன்றியிலும் கோழியிலும் இப்படிப் பழகும் மாதிரிகள் பல இடங்களில் புழக்கத்தில் உள்ளவைதான். சிந்தாதிரிப்பேட்டைச் சந்தைக்குப் போய்வர ஆகும் செலவு அவ்வளவு ஒன்றும் பெரிதல்ல.

வெளிநாட்டு முடிவை அப்படியே இங்கே இறக்கிவிடவும் கூடாது. புராஸ்டேட் புற்றுநோயில் பிரிட்டனின் 'புரொடெக்ட்' ஆய்வு 1,643 ஆண்களை 15 வருஷம் பின்தொடர்ந்தது. அறுவை, கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு, எதைச் செய்தாலும் அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். அபாரமான சேதி. ஆனால் அவர்கள் எந்த அறிகுறியும் இல்லாதபோது ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள். முதுகெலும்பு வலியோடு முதன்முதலாக டாக்டரைப் பார்க்க வரும் நம் ஊர்த் தாத்தாவுக்கு அந்த 'காத்திருந்து பார்க்கலாம்' பொருந்தாது.

கேள்வித்தாள்களும் இப்படிப் பயணத்தில் உடைபவைதான். புராஸ்டேட் தொல்லையை அளக்க உலகம் முழுக்க ஏழு கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. கேள்விக்கு 0 முதல் 5, மொத்தம் 35. 'கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை அடக்க முடியாத அவசரம்? ஐந்தில் ஒரு முறைக்கும் குறைவாகவா, பாதி முறையா?' ஓ.பி.யில் பி.ஜி. டாக்டர் கேட்பார்: "ஐயா, யூரின் வந்தா அடக்க முடியுதா?" "அது எங்க சார் அடக்குறது, பஸ்ல வந்தா ஒரு மாதிரி, வீட்ல இருந்தா ஒரு மாதிரி." அதற்கு எத்தனை மார்க்? வரிசையில் இன்னும் எண்பது பேர். டாக்டர் மனதுக்குத் தோன்றியதைப் போடுவார், அந்த எண் ஆய்வேட்டில் ஏறி, சராசரியாகி, தசம புள்ளியோடு அச்சாகும். நோயாளியின் பேச்சுத் தமிழில் கேள்வியை அமைத்து, அது ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்டாலும் ஒரே பதிலைத் தருகிறதா என்று சோதிப்பது பெரிய மருந்து ஆய்வுக்குச் சமமான வேலை. பேர் கிடைக்காத வேலை.

இன்னும் பேர் கிடைக்காத ஒன்று டி.ஜே. ஸ்டென்ட். கல் எடுத்தபின் குழாய் அடைக்காமலிருக்க உள்ளே வைக்கும் மெல்லிய குழல். இரண்டு முனையும் சுருண்டிருக்கும், 1978-ல் வந்த வடிவம். சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில் எடுத்துவிட வேண்டும். எடுப்பது பத்து நிமிட வேலை. எடுக்காமல் விட்டால் அதன் மேலேயே கல் படியும். வருஷக்கணக்கில் மறந்துபோனால் பெரிய அறுவை, சிலருக்குச் சிறுநீரகமே போய்விடும். வலி போய்விட்டது, வேலைக்குத் திரும்பியாயிற்று, டிஸ்சார்ஜ் சீட்டு மழையில் நனைந்துவிட்டது. உள்ளே ஒன்று இருப்பதே மறந்துவிடுகிறது. எந்தப் புது மருந்தும் வேண்டாத, குலுக்கல்கூட வேண்டாத ஆராய்ச்சிக் களம் இது: குறுஞ்செய்தி அனுப்பினால் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், போன் செய்தால் எத்தனை பேர், எந்த வயதினர் வருவதில்லை, ஏன்?

ஒரு வார்டில் இதற்காக நீள நோட்டு ஒன்று வைத்திருந்ததைப் பார்த்தேன். பெயர், போட்ட தேதி, எடுக்க வேண்டிய தேதி, செல் நம்பர். பல நம்பர்களுக்கு எதிரே 'சுவிட்ச் ஆஃப்' என்று பென்சிலில் இருந்தது. அந்த சிஸ்டர் கொஞ்ச நாளாக இன்னொரு கட்டம் சேர்த்திருந்தார். நோயாளி வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மளிகைக் கடையின் நம்பர். "அண்ணாச்சி கடை போன் மட்டும் எப்பவும் எடுக்கும்" என்றார்.